குண்டூசி சனிக்கிழமை விளையாடுவாள்

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, வணக்கம் சொல்லி, குரலை உயர்த்தாமல், நின்றுகொண்டே எழுதும் கடிதம். நின்றுகொண்டே என்பதை வீறாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொதிகலன் அறையில் பணியில் இருப்பவர் உட்காரக் கூடாது என்பது எங்கள் சலவைத் தொழிற்சாலையின் விதி. ஆகவே பதிவேடு வைக்கும் சாய்வு மேசையின் மேல் தாளை வைத்து, ஒரு கண்ணை அழுத்தமானியிலும் மறு கண்ணை உன்மேலும் வைத்து எழுதுகிறேன்.

இங்கு அனைவரும் நலம். முன்பெல்லாம் நலம் என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுவேன். இப்போது எண்ணில் எழுத வேண்டியிருக்கிறது. இன்று காலை ஆறரை மணிக்கு 118. இது உன் மருமகள் குண்டூசியின் ரத்தச் சர்க்கரை எண். எனக்கும் உன் தம்பி மனைவிக்கும் தனியாக எண் கிடையாது, அவளுடையதையே நாங்களும் பயன்படுத்திக்கொள்கிறோம். அங்கு நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

மரியாதைகள் முடிந்தன. நாற்பத்தாறு வயதில் உன்னை எதிர்த்து நான் எழுதும் முதல் கடிதம் இது. இதற்கு முன் எதிர்த்ததெல்லாம் மனசுக்குள், அதுவும் நீ ஊருக்குப் போன பிறகு. இந்த முறை மையிலேயே எழுதிவிடுகிறேன்: வருகிற சனிக்கிழமை பள்ளிகளுக்கிடையேயான கால்பந்து இறுதி ஆட்டத்தில் என் பெண் இடதுபுறத் தடுப்பாட்டக்காரியாக இறங்குவாள். அவளை இறக்கக் கூடாது என்று நீ பள்ளிக்கு எழுதிய கடிதத்தை நான் மதிக்கப்போவதில்லை.

நீ முப்பத்தொரு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். உலகத்தில் நகரும் எதுவும் உன் கண்ணுக்கு இன்னும் பதிவு செய்யப்படாத ஒரு விபத்து. அது உன் தொழிலின் குறை, உன் குறை அல்ல. ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன், இந்தப் பெண் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சீருடை தொளதொளத்து, பாடவேளையில் தலை சாய்த்துத் தூங்கி, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, நீ தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, சாக்லேட் வாங்கிக் கொடுத்தது யார் என்பது. டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அன்றே உனக்குச் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இது முதல் வகை நீரிழிவு. இன்சுலின் சுரப்பதை உடம்பே நிறுத்திவிட்டது. அதற்கும் சாக்லேட்டுக்கும் சம்பந்தமில்லை. நீ அதைக் கேட்டுக்கொண்டு, சரி, சாக்லேட் கொடுத்தது யார் என்றாய்.

அப்புறம் பெயர் விவகாரம். ஒல்லியாக இருக்கிறாள் என்று அவளுடைய தாய்மாமன் ஐந்து வயதில் வைத்த பட்டப்பெயர் குண்டூசி. தினமும் நான்கு ஊசி என்று ஆனதும், பிள்ளை மனசு புண்படும், அந்தப் பெயரை இனி யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று நீ தடை போட்டாய். நாங்களும் கீழ்ப்படிந்து மூன்று நாள் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். நான்காம் நாள் அவள், வீட்டில் யாரோ வருகைப் பதிவேடு வாசிப்பது போலிருக்கிறது, பழைய பெயரே போதும் என்றாள். உன் தடைகளில் முதலில் விழுந்தது அது. நான் அப்போதே பாடம் கற்றிருக்க வேண்டும்.

போன மாதம் நீ பதினான்கு நாள் வந்து தங்கியபோது நடந்ததற்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் கடைசி வரி, நான் கெஞ்சிக் கேட்டு எழுதி வாங்கியது: ‘ஓட்டம், ஆட்டம் – தினமும் ஒரு மணி நேரம், மற்றப் பிள்ளைகளைப் போல.’ விளையாடுவதற்கு முன்னும் நடுவிலும் பின்னும் அளவு பார்க்க வேண்டும், கையில் எப்போதும் குளுக்கோஸ் மாத்திரை இருக்க வேண்டும், விளையாடும் நாளில் இன்சுலினைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான், பயந்து உட்கார வைத்தால்தான் கெடுதல் என்று வாயாலும் சொல்லியிருந்தார். நீ அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தாய். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா எடுத்தாய். ‘ஓட்டம், ஆட்டம்’ என்பதை அடித்து ‘பூரண ஓய்வு’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டாய். மருத்துவரின் சீட்டைத் திருத்தி, அதற்குச் சான்றொப்பமும் இட்ட ஒரே உறவினர் நீயாகத்தான் இருப்பாய். அடுத்த முறை டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, இது யாருடைய கையெழுத்து, சீனியர் டாக்டரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில், எங்கள் யாருக்கும் தெரியாமல் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு நீ எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ‘மேற்படி மாணவி நீரிழிவு நோயினால் பாதிக்கப்பட்டிருப்பதால், ஓடுதல், தாண்டுதல், உதைத்தல் மற்றும் இவற்றை ஒத்த பிற செயல்கள் யாவற்றிலிருந்தும் விலக்களிக்கப்பட வேண்டியது. தவறினால் ஏற்படும் விளைவுகளுக்குப் பள்ளி நிர்வாகமே முழுப் பொறுப்பு.’ கீழே ‘குடும்பத்தின் சார்பாக’ என்று உன் கையெழுத்து. அக்கா, தமிழில் இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளையைக் கட்டிப்போட முடியாது. தலைமை ஆசிரியை முதல் வாக்கியத்தைப் படித்தாரோ இல்லையோ, இரண்டாவதைப் படித்துவிட்டார். அன்று மாலையே மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அணியில் மூன்று மாதமாக இடதுபுறம் ஆடிக்கொண்டிருந்த பெண்ணை அதில் உட்கார வைத்து, மற்றவர்களுடைய இருபத்திரண்டு தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் போட்டார்கள்.

ஒன்பது நாள் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சொன்னது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது என் அலைபேசிக்கு எண் அனுப்பும். விளையாடிய நாட்களில் சாயங்காலம் 130, 140 என்று நின்றது, அந்த ஒன்பது நாளும் 220, 250 என்று ஏறியது. அதே சாப்பாடு, ஊசியையும் குறைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கொதிகலன் பார்ப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுப்பு எரிகிறது, ஆவியை எடுத்துச் செலவழிக்க ஆளில்லை என்றால் முள் ஏறத்தான் செய்யும், ஒரு கட்டத்தில் பாதுகாப்பு வால்வு பீறிட்டுத் திறக்கத்தான் செய்யும். பத்தாம் நாள் காலை எங்கள் வீட்டில் திறந்தது. பள்ளிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, நிதானமாக, எனக்கு எதிரே நின்று கேட்டாள்:

“எனக்கு வந்தது சுகர்தானேப்பா? காலுக்கு ஒண்ணும் வரலையே?”

நான் பையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து, பதில் சொல்லுங்க, பிள்ளை கேக்குதுல்ல என்றாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள், பதில் வரும்வரை விட மாட்டாள். அந்த நிமிடம்தான், அக்கா, நான் உன்னை எதிர்ப்பது என்று முடிவெடுத்தேன். தேதி நேரம் வேண்டுமானால் தருகிறேன்.

தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். நான்தான் தகப்பன், அந்தக் கடிதம் எங்கள் சம்மதத்துடன் எழுதப்பட்டதல்ல, இதோ டாக்டரம்மாவின் சான்றிதழ் என்றேன். அவர் உன் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டையும் வைத்தார். பறந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

“நீங்க அப்பாதான் சார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா லெட்டர் உங்க லெட்டர் இல்லையே. எழுதினவங்கதானே வாபஸ் வாங்கணும்.”

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். பயிற்சியில் கலந்துகொள்ளலாம், பெற்றோரில் ஒருவர் வந்து போக வேண்டும். இறுதி ஆட்டத்தில் இறங்க வேண்டுமென்றால் உன் கையால் வாபஸ் கடிதம் வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். உன்னிடம் அதைக் கேட்கப்போவதில்லை என்று நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை, கவனித்துக்கொள்.

இனி நடந்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். பின்னால் வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வந்து, நீ அதற்கு ஒரு கோப்பு திறப்பதைவிட இது மேல்.

முதல் நாள் தவறு என்னுடையது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பணி மாறும்போது, போகிறவன் கொதிகலனில் நீர்மட்டத்தைச் சரியான குறிக்கு நிரப்பிவிட்டுத்தான் வருகிறவனிடம் ஒப்படைப்பான். குறைந்த மட்டத்தில் விட்டுப் போகிறவன் மனிதனே அல்ல. இந்த நல்ல பழக்கத்தை நான் பெண்ணுக்கும் விரிவாக்கி, பதினான்கு விதிகள் எழுதி, நகல் எடுத்து, அம்மாவுக்கும், விசில் டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடும் விளையாட்டு ஆசிரியைக்கும், அணித் தலைவிக்கும் கொடுத்திருந்தேன். மூன்றாம் விதி: ஒப்படைப்பவர் நிரப்பி ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை மூன்றரைக்கு நான் பள்ளிக்குப் போய் அவளுக்கு ஒரு பழச்சாறு கொடுத்து, பதிவேட்டில் எழுதி, அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு வால்வு கசிகிறது என்று கூப்பிட்டதால் ஆலைக்குத் திரும்பினேன். அம்மா கால் மணி நேரம் இருந்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பும் முன் விதிப்படி இன்னொரு பழச்சாறு கொடுத்து விசில் டீச்சரிடம் ஒப்படைத்தாள். விசில் டீச்சர் தலைமை ஆசிரியை கூப்பிட்டார் என்று போகும்போது இரண்டு வாழைப்பழம் கொடுத்து அணித் தலைவியிடம் ஒப்படைத்தார். அணித் தலைவி, பதினைந்து வயதுப் பெண், பொறுப்பானவள், கழிப்பறைக்குப் போகும் முன் தன் பையிலிருந்த கிரீம் பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோல் காப்பவளிடம் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனாள். நீ கேட்பாய், குண்டூசி ஏன் மறுக்கவில்லை என்று. மறுத்தால் உடனே எனக்குத் தகவல் தர வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. நான் வந்து நிற்பதைவிட ஒரு கிரீம் பன் மேல் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். பயிற்சி தொடங்கும்போது எண் 342. அவளே கீட்டோன் என்ற கெட்ட அமிலம் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்று பார்த்து, டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த அளவில் ஊசி போட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் என்ன தண்ணித் தொட்டியாப்பா? போறவங்க வர்றவங்க எல்லாம் ரொப்பிட்டுப் போறீங்க.”

பதினான்கு விதிகளையும் அன்றே திரும்பப் பெற்றேன். பள்ளி முழுவதிலும் என் விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒரே நாள் அது. என் நிர்வாகத் திறமைக்கு அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

இரண்டாவது சம்பவம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு பயிற்சி வீணானதை ஈடுகட்ட, எங்கள் ஆலையின் பின்முற்றத்தில், விரிப்புகள் ஏற்றும் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் அவளை ஓடவிட்டேன். இந்த முறை ஒரு சொட்டுக்கூட நிரப்பவில்லை. தள்ளுவண்டிகளை வளைந்து வளைந்து பந்தைக் கொண்டுபோனாள். அரை மணி நேரம் கழித்து வந்து, அப்பா, குறையுது என்றாள். நான் அலைபேசியைப் பார்த்தேன். 104. நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு சுற்று போ என்றேன். இங்கேதான், அக்கா, நீ என்னைப் பிடித்துக்கொள்ளலாம். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவனிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: அளவுகாட்டி எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் சொல்லும், முள்ளை மட்டும் நம்பாதே, கொதிகலனின் சத்தத்தைக் கேள். ஓடும்போது இந்தச் சென்சாரும் பத்து நிமிடம் பின்தங்கும் என்று டாக்டரம்மா படம் போட்டே காட்டியிருந்தார். இரும்புக் கொதிகலனின் முனகலைக் கேட்டே கோளாறு சொல்பவன், சொந்தப் பெண் வாயைத் திறந்து சொன்னதைக் கேட்காமல் முள்ளைப் பார்த்தேன்.

அவள் என்னுடன் வாதாடவில்லை. தரையில் உட்கார்ந்து, விரலில் குத்தி, சொட்டு ரத்தத்தில் பார்த்தாள். 61. மூன்று குளுக்கோஸ் மாத்திரையை வாயில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் காத்திருக்க ஆரம்பித்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் முற்றத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது. அவள் ஒருமுறை, உட்காருங்கப்பா, உங்க மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு இன்னும் இறங்குது என்றது நினைவிருக்கிறது. அதற்குள் யாரோ உள்ளே ஓடி, சர்க்கரை நோய்க்காரர் மயங்கி விழுகிறார் என்று சொல்லிவிட, இஸ்திரிப் பிரிவிலிருந்து ஆறு பெண்கள் சர்க்கரைத் தண்ணீருடன் வந்தார்கள். முற்றத்தில் இரண்டு பேர். ஒரு பெண் சுவரில் சாய்ந்து, மாத்திரையை மென்றுகொண்டு, கடிகாரம் பார்க்கிறாள். ஒரு ஆள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, வெளுத்து, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறார். அவர்கள் சரியான முடிவுக்குத்தான் வந்தார்கள். இரண்டு தம்ளர் குடித்தேன். மூன்றாவதைத் தடுத்தவள் குண்டூசி. அப்புறம் 92 என்று பார்த்து, இரண்டு பிஸ்கட் தின்று, எழுந்து, விட்ட இடத்திலிருந்து பந்தை உதைத்தாள்.

பார்த்தாயா, ஆபத்துதானே என்பாய். ஆபத்துதான். இறங்கினது உண்மை, நான் தவறு செய்ததும் உண்மை. ஆனால் அந்த முற்றத்தில் அன்று நிதானத்தில் இருந்த ஒரே ஆள் நோயாளி. ஓய்வு தேவைப்பட்டது எனக்கு. உன் சிவப்புப் பேனா ஆள் மாறி எழுதிவிட்டது என்பதுதான் என் வாதம்.

மூன்றாவதைச் சுருக்கமாக எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. போன வியாழக்கிழமை வேறொரு பள்ளியுடன் பயிற்சி ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே எண் ஏறுகிறது: 160, 190, 220, 240. ஒன்றும் தின்னவில்லை என்கிறாள். நான் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த பைகளைச் சோதிக்க ஆரம்பித்தேன். கோல் காப்பவளின் பையில் பன் உறை ஒன்று அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு, ஆட்டம் நடக்கிறது என்பதை மறந்து, மைதானத்துக்குள் நடந்து கோல் கம்பத்துக்கே போய், இதில் இருந்ததை யார் சாப்பிட்டது என்று விசாரித்தேன். அந்தப் பெண், அங்கிள், பந்து வருது என்றாள். வந்தது. கோல் விழுந்தது. எதிர் அணி என்னைச் சுற்றி வந்து கை குலுக்கியது. விசில் டீச்சர் ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். பெற்றோருக்கு அட்டை காட்டும் விதி கால்பந்தில் இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அது முற்றிலும் நியாயமாகத் தோன்றியது.

இடைவேளையில் குண்டூசி வந்து விளக்கினாள். போட்டி என்றால் படபடப்பில் உடம்பே சர்க்கரையை ரத்தத்தில் சேர்த்துவிடுமாம், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்குமாம், டாக்டரம்மா என் முன்னால்தான் சொன்னாராம்.

“அத்தை ஃபோன் பண்ணினா உங்களுக்கு பி.பி. ஏறுதுல்ல? நீங்க என்ன பன்னா தின்னீங்க?”

இந்த உதாரணம் எனக்கு உடனே புரிந்தது.

இரண்டாம் பாதியில் என்னை மைதானத்துக்கு வெளியே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அங்கிருந்து பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதம் எழுதியதே அதற்காகத்தான். எதிர் அணியில் ஒரு உயரமான பெண், குதிரை மாதிரி ஓடுகிறவள், இடதுபுறமாக மூன்று முறை வந்தாள். முதல் முறை குண்டூசி ஏமாந்தாள். இரண்டாம் முறை கூடவே ஓடி, தோளோடு தோள் நின்று, பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாள். மூன்றாம் முறை முன்னாலேயே போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண் வலப்பக்கம் திரும்பப்போகிறாள் என்று இவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பந்தை எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, மைதானம் முழுவதையும் ஒரு தடவை பார்த்து, நிதானமாக இன்னொருத்திக்கு அனுப்பினாள். மறுபடியும் அலைபேசியைப் பார்க்க நினைவு வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்த அளவுகாட்டியையும் நான் பதினோரு நிமிடம் பார்க்காமல் இருந்ததில்லை, அக்கா. எண் 148. நான் பார்க்காமலே 148.

ஆகையால் இதை என் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். என் பெண் ஆடுவாள். கீழே இறங்கினால் மாத்திரை தின்பாள், மேலே ஏறினால் காத்திருப்பாள், அன்றிரவு ஊசியைக் குறைத்துக்கொள்வாள், தோற்றால் அழுவாள், மற்றப் பிள்ளைகளைப் போல. வெள்ளிக்கிழமை காலை பணிக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போகிறேன். வாபஸ் கடிதம் எங்கே என்று கேட்டால், குடும்பம் என்பது என் அக்கா மட்டும் அல்ல என்று சொல்வேன். இந்த வாக்கியத்தைக் கொதிகலன் முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், குரல் நடுங்கவில்லை. அதற்கும் அசையவில்லை என்றால் அந்த அறை வாசலிலேயே நிற்பேன். நிற்பது எனக்குப் பழக்கம். நீ இதற்காக என்னுடன் பேசாமல் இருக்கலாம். நான்கு மாதம், ஆறு மாதம், உன் இஷ்டம். பேசாமல் இருப்பதற்கு முன் ஒருமுறை ஃபோன் செய்து, இனி பேச மாட்டேன் என்று சொல்லிவிடு. இல்லையென்றால் உடம்புக்கு என்னவோ என்று நான் கவலைப்படுவேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், ஆனால் தினமும் நடக்கச் சொல், நாற்காலியில் உட்கார வைக்காதே. உனக்கு நீண்ட ஆயுளும், குறைந்த கவலைகளும், மை தீர்ந்துபோன ஒரு சிவப்புப் பேனாவும் வாய்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் சொல்லை இதுவரை தட்டாத,
இன்று முதல் தட்டுகிற,
தம்பி

பின்குறிப்பு: மேற்கண்டதைப் பணி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது குண்டூசி வாங்கிப் படித்தாள். முழுவதும் படித்துவிட்டு, நல்லா இருக்குப்பா, ஆனா அத்தை போன வெள்ளிக்கிழமையே வாபஸ் லெட்டர் அனுப்பிட்டாங்களே என்றாள். திங்கட்கிழமையே அது கோப்பில் ஏறிவிட்டதாம். அணிப் பட்டியலில் அவள் பெயர் வந்து இரண்டு நாளாகிறதாம். உன் தம்பி மனைவிக்கும் தெரியுமாம். நான் எதிர்ப்பில் மும்முரமாக இருந்ததால் கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.

மற்றதையும் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்த ஒன்பது நாளின் வரைபடத்தையும், ஆடிய நாட்களின் வரைபடத்தையும், 342, 61 எதையும் ஒளிக்காமல் அவளே உனக்கு அனுப்பினாளாம். நீ தொலைபேசியில் பதினேழு கேள்வி கேட்டாயாம். பதினாறுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பதினேழாவதுக்கு, தெரியல அத்தை, டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் என்றாளாம். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன்தான் பொய்யாக இழப்பீடு கேட்டு வருபவன், தெரியாது என்று ஒன்றுக்காவது சொல்பவரை நம்பலாம் என்பது உன் முப்பத்தொரு வருட அனுபவமாம். அன்றே எழுதி அனுப்பினாயாம். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் பதினேழு கேள்வி கேட்டதே இல்லை. நானும் ஒன்றுக்குக்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை.

நீ சனிக்கிழமை வருகிறாய் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. ஆட்டம் மூன்றுக்கு, உன் பேருந்து மூன்று நாற்பதுக்கு. முந்தின பேருந்திலேயே வரலாமே, இடம் இருக்குமே என்றேன்.

“முதல் பாதியை அத்தையால பார்க்க முடியாதாம்ப்பா. உங்களாலயும் முடியாது. நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அத்தையைக் கூட்டிக்கிட்டு வாங்க.”

ஆகவே மேலே உள்ளவற்றை நான் எழுதவில்லை என்று கொள்ளவும். அலைபேசியை உன் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கே பேருந்து நிலையத்தில் இருப்பேன். வந்ததும் அவசரப்பட்டு இறங்காதே, அக்கா. எல்லாரும் இறங்கட்டும், முதல் பாதி முடியட்டும்.